கல்லுக்குள் இருந்த உயிர்



முருகைக்கல்லைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கிய கரைகளிலிருந்து வந்தவர்கள் நாம். அது உயிர் என்று எண்ணியதில்லை. வீட்டுத் தொட்டியில் வளர்க்க முயன்றவர்களிடமோ அது நெடுங்காலம் செத்துக்கொண்டே இருந்தது.

1961இல் ஜகார்த்தாவின் லீ சின் எங் தன் முறையை எழுதினார். உயிருள்ள கடற்கல், கடல்நீர், வெளிச்சம், காற்றுக்குமிழி, அவ்வளவுதான். கல்லின் துளைகளில் வாழும் நுண்ணுயிர்களே கழிவைத் தின்றன.

1970களில் ஐரோப்பாவில் பீட்டர் வில்கென்ஸ் சேர்த்தது சுண்ணாம்புத் தண்ணீர். வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அதேதான்! முருகை தன் கூட்டைக் கட்ட நீரிலுள்ள கல்சியத்தை எடுத்துக்கொண்டே இருக்கும். செலவுக்கு ஈடாக வரவு வேண்டாமா? (கணக்காளன் புத்தி, பொறுத்தருள்க.)

பின்னர் பெர்லினில் டீட்ரிச் ஸ்டூபர், தன் தொட்டியில் தழைத்த கொம்பு முருகையை ஒடித்து ஒடித்து நண்பர்களுக்குக் கொடுத்தார். கடலிலிருந்து பெயர்த்து வந்ததைவிட, தொட்டியிலேயே வளர்ந்த துண்டுகள் நன்றாகத் தாக்குப்பிடித்தன. அவை அமெரிக்கா வரை போய்ச் சேர்ந்தன.