அரிசி பீரும் பரங்கிப்பேட்டையும்

பீர் என்றாலே வெள்ளைக்காரன் கப்பலில் கொண்டு வந்த சரக்கு என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். நம் ஊருக்கு அந்த நினைப்பு பொருத்தம்தான். போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், டேனிஷ்காரர், ஆங்கிலேயர் என்று வராத கப்பல் இல்லை. 1781 ஜூலை 1ஆம் தேதி ஹைதர் அலியோடு இங்கே சண்டை போட்ட கர்னல் கூட்டின் சேனையும் (சர் அயர் கூட் என்று சொல்ல வேண்டும்) கம்பெனிச் சேனைதானே. கம்பெனியின் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குத் தினப்படியில் சாராயமும் ஒரு பங்கு. அதெல்லாம் வந்த கதை. இங்கேயே இருந்த கதை ஒன்று உண்டு. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

இதைத் தேட வைத்தவன் அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை மகன். அங்கே வீட்டிலேயே பீர் காய்ச்சிப் போட்டிக்கு அனுப்புவது பெரிய பொழுதுபோக்காம். 1978இல் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டம், தன் வீட்டுக்கென்று காய்ச்சுகிறவனுக்கு வரி இல்லை என்று ஆக்கிவிட்டது. மறு வருஷமே தேசிய அளவில் போட்டியும் தொடங்கிவிட்டார்கள். யாரும் போடாத பொருளைப் போட்டால் நடுவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்று இவன் நன்னாரியும் பனங்கற்கண்டும் சேர்த்துப் பார்த்திருக்கிறான். "மாமா, நம்ம பக்கத்துல பழைய முறை ஏதாவது இருக்கா?" என்று போனில் கேட்டான். இருக்கிறது. கிட்டத்தட்ட இரண்டாயிரம் வருஷத்துப் பழசு.

பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசு வாங்கப் போகும் பாணனுக்கு வழி சொல்லும் பாட்டு. வழியில் எந்தக் குடியில் தங்கினால் என்ன சாப்பாடு கிடைக்கும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவார். அதில் வலைஞர் குடிக்கு வரும்போது ஒரு செய்முறையே கொடுத்துவிடுகிறார்.

தீட்டாத அரிசியைக் களியாகக் குழையவிட வேண்டும். அகன்ற வாயுள்ள தட்டில் கொட்டி ஆறவிட வேண்டும். அதில் நெல்முளையை இடித்துக் கலக்க வேண்டும். முளையின் தோற்றத்துக்கு அவர் சொல்லும் உவமை புற்றுக்குள் இருக்கும் குரும்பி. கறையான் புற்றை வெட்டிப் பார்த்தவர்களுக்கு அது புரியும். கலந்ததைச் சாடியில் அடைத்து இரண்டு பகல், இரண்டு இரவு விட்டு, வெந்நீர் சேர்த்து, விரலால் அலைத்துப் பிழிந்தால் கள் தயார். தொட்டுக்கொள்ளச் சுட்ட மீன். அதே பாட்டில் வேறோர் இடத்தில் வீட்டில் சமைத்த நெற்கள்ளுக்குத் தோப்பி என்று பெயரும் வருகிறது.

நான் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தியவன். எனக்கு இதில் பிடிபட்டது அந்த நெல்முளைதான். அரிசியில் இருப்பது மாவுச்சத்து. ஈஸ்ட் அதை நேராகத் தின்னாது, சர்க்கரையாக்கிக் கொடுக்க வேண்டும். தானியம் முளைவிடும்போது அந்த வேலைக்கான நொதி தானாகவே உண்டாகிறது. ஐரோப்பாவில் பார்லியை முளைக்கவிட்டுக் காயவைத்து மால்ட் என்கிறார்கள். அஸ்ஸாம் பக்கத்து அரிசிக் கள்ளுக்குப் பூஞ்சை பிடித்த மாவு உருண்டையைப் போடுகிறார்கள், ஜப்பானில் சாக்கேக்கும் பூஞ்சைதான். நம் வலைஞர் வீட்டு முறையோ முளைத் தானிய முறை. ஆக, அது பீர்தான், பார்லிக்குப் பதில் நெல். ஹாப்ஸ் கசப்பு இருந்திருக்காது. இந்த வெயிலில் இரண்டு நாளில் லேசான புளிப்பும் கொஞ்சம் போதையும் ஏறியிருக்கும்.

நம்மவர்களுக்கு நெல்லை முளைகட்டுவது புதிதா என்ன? நாற்றங்காலுக்கு விதைநெல்லை ஊறவைத்துச் சாக்கில் கட்டி, வைக்கோல் மூடி மூட்டம் போடுவோமே! மறுநாள் கையை உள்ளே விட்டால் சூடாக இருக்கும், ஒரு தித்திப்பு வாசனை வரும். தோப்பியின் முதல் படி அதுதான்.

இன்னொன்றும் கவனித்தேன். அதே பாட்டில் துறைமுகப் பட்டினத்தில் கள் சமைப்பவர்கள் பெண்கள். அவர்கள் பாத்திரம் கழுவி ஊற்றிய தண்ணீர் சேறாகி, அதில் பன்றிகள் குட்டிகளோடு புரள்கின்றன. இங்கிலாந்திலும் பழங்காலத்தில் வீட்டுப் பெண்கள்தான் பீர் காய்ச்சினார்கள். அடுக்களை வேலைதானே அது. பழைய சோற்றுப் பானையைப் பார்த்துக்கொள்கிற கைக்கு இதுவும் தெரிந்திருக்கும்.

இத்தனையும் எழுதினாலும் தங்கை மகனுக்காக நான் இங்கே ஒரு படி அரிசி ஊறவைத்துப் பார்க்க முடியாது. 1937இல் ராஜாஜி கொண்டு வந்த மதுவிலக்குச் சட்டம் முதலில் சேலம் மாவட்டத்தில் வந்தது, 1948இல் மாகாணம் முழுக்க வந்தது. 1971இல் தளர்ந்தது, பிறகு ஏறி இறங்கி, 1987 முதல் கள்ளுக்கடையே இல்லை. சட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது, உரிமம் இல்லாமல் வீட்டில் காய்ச்சினால் குற்றம். அரசாங்கக் கடையில் பாட்டில் பீர் வாங்கலாம். கடலூர் தாண்டிப் புதுச்சேரி எல்லைக்குள் போனால் கள்ளுக்கடையும் உண்டு.

மதுவிலக்கை நான் குறை சொல்ல வரவில்லை. குடியால் அழிந்த குடும்பங்களை இதே ஊரில் பார்த்திருக்கிறேன். ஆனால் 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்தில் பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60 பேருக்கு மேல். இரண்டு ஊரும் நம் பழைய தென்னாற்காடு மாவட்டம்தான். எக்கியார்குப்பம் மீனவர் கிராமம். கொன்றது தொழிற்சாலை மெத்தனால். அரிசியையும் நெல்முளையையும் சாடியில் புளிக்க வைத்தால் ஆளைக் கொல்லும் அளவுக்கு மெத்தனால் வராது. பாணனுக்குச் சுட்ட மீனோடு அரிசிக் கள் ஊற்றிக் கொடுத்த அந்த வலைஞர்களின் தொழிலைத்தான் இந்தக் குப்பத்துக்காரர்களும் செய்துவந்தார்கள்.