மெத்தனால்: உடலில் அதன் போக்கு

மெத்தனால் என்பது தின்னர், பிசின், ஃபார்மால்டிஹைடு போன்றவற்றின் தயாரிப்பில் பயன்படும் நிறமற்ற ஆல்கஹால். குடித்தால் இரைப்பையிலும் சிறுகுடலிலும் விரைந்து உறிஞ்சப்பட்டு, சுமார் ஒரு மணி நேரத்தில் இரத்தத்தில் உச்ச அளவை எட்டும். ஆவியாக நுரையீரல் வழியும், தோல் வழியும்கூடப் புகும். நீரில் முற்றிலும் கலப்பதால் உடலின் நீர்ப்பகுதி எங்கும் பரவிவிடும்.

மெத்தனாலைவிடக் கொடியது அது மாறிப் பிறக்கும் பொருள். கல்லீரலில் ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸ் நொதி அதை ஃபார்மால்டிஹைடாக மாற்றுகிறது. அது ஓரிரு நிமிடங்களிலேயே ஃபார்மிக் அமிலமாகிறது. இந்த அமிலத்தைக் கார்பன் டை ஆக்சைடாக்க ஃபோலேட் வேண்டும். எலியின் கல்லீரலில் அது தாராளம், மனிதரில் குறைவு. எலிச் சோதனைகளை மட்டும் நம்பியிருந்தால் இந்த நஞ்சின் கொடுமை தெரிந்தே இருக்காது. தேங்கும் அமிலம் இரத்தத்தை அமிலமாக்கி, செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாமல் முடக்குகிறது; பார்வை நரம்பு கடுமையாகப் பாதிக்கப்படுகிறது.

குடித்தபின் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் வரை பெரிய அறிகுறி தோன்றாது. அந்த இடைவெளிதான் பலரை மருத்துவமனைக்குப் போகவிடாமல் ஏமாற்றுகிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது.

மெத்தனாலில் சிறு பங்கே மாறாமல் மூச்சிலும் சிறுநீரிலும் வெளியேறும். ஃபோமெபிசோல் மருந்து அல்லது எத்தனால் கொடுத்து அந்த நொதியைத் தடுத்தால் அமிலம் உருவாவது நிற்கும். ஆனால் மெத்தனால் வெளியேற நாள்கணக்காகும். எனவே கடுமையான நிலையில் இரத்த டயாலிசிஸ் செய்து மெத்தனாலையும் அமிலத்தையும் சேர்த்தே அகற்றுகின்றனர்.