பதினாறாம் எண் சிலந்தி

மேற்கு ஆஸ்திரேலியாவின் கோதுமை வயல்களுக்கு நடுவே உழப்படாமல் எஞ்சிய புதர்க்காடு, வடக்கு புங்குல்லா காப்பகம். மண்வளைக்குக் கதவு செய்து வாழும் சிலந்திகளை 1974-இல் அங்கே எண்ணிட்டு ஆராயத் தொடங்கினார், பார்பரா யார்க் மெயின் என்னும் விலங்கியலாளர். பதினாறாம் எண் பெற்றது கேயஸ் வில்லோசஸ் இனத்துப் பெண் சிலந்தி.

இவ்வினத்துப் பெண், இளமையில் தோண்டிய வளையை ஆயுள் முழுதும் நீங்குவதில்லை. பிறிதொன்றின் வளையில் குடிபுகுவதுமில்லை. ஆகவே வளையின் வயதே சிலந்தியின் வயதாயிற்று. 2016-இல் அக்கதவு துளைபட்டிருந்தது. ஒட்டுண்ணிக் குளவியின் வேலை என அறியப்பட்டது. அப்போது அதன் அகவை 43. பதிவான சிலந்திகளுள் இதுவே மிக நீண்ட ஆயுள். 2019-இல் மெயினும் மறைந்தார்.

சிலந்தியின் பொறுமையை வியக்கிறோம். அத்தனை ஆண்டுகள் அந்த ஒரு சாண் மண்ணில் ஏர் படாதிருந்ததையும் நாம் நினைக்க வேண்டும். சுற்றிலும் உழுத நிலத்தில் எத்தனை வளைகள் இருந்தனவோ, அவற்றிற்கு எண்ணிட எவருமில்லை.