நியூட்ரான் விண்மீன் எக்ஸ் கதிர் இருமங்களின் ரேடியோ உமிழ்வு

நியூட்ரான் விண்மீனும் ஒரு சாதாரண விண்மீனும் நெருங்கிச் சுற்றும் இருமங்களில், துணை விண்மீனின் வாயு நியூட்ரான் விண்மீன் பக்கம் இழுபட்டு, வட்டாகச் சுழன்று, ஒரு கோடி டிகிரிக்கு மேல் சூடேறி உள்ளே விழுகிறது. எக்ஸ் கதிர் பிறப்பது அந்தச் சூட்டில். ரேடியோ அலைக்கு அது காரணமாக முடியாது. அத்தனை சிறிய பரப்பின் வெப்பத்திலிருந்து ரேடியோவில் கிடைக்கக்கூடியது அற்பம். ஒளிவேகத்தை ஒட்டிப் பாயும் எலெக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சுழலும்போது வெளியிடும் சின்க்ரோட்ரான் கதிர்வீச்சுதான் இந்த ரேடியோ அலை. பெரும்பாலும் வட்டின் நடுவிலிருந்து இருபுறமும் பீறிடும் தாரைகளிலிருந்து வருகிறது. 1962இல் ராக்கெட்டில் ஏற்றிய கருவி கண்டுபிடித்த ஸ்கார்ப்பியஸ் எக்ஸ்-1இன் ரேடியோ உமிழ்வு 1968இல் பதிவாயிற்று. 1999இல் பல கண்டங்களின் தொலைநோக்கிகளை இணைத்து 56 மணி நேரம் இடைவிடாது நோக்கியபோது, அதன் இருபுறமும் ரேடியோ முடிச்சுகள் ஒளிவேகத்தில் சராசரியாக 45 சதவீத வேகத்துடன் விலகிச் செல்வது தெரிந்தது. மையத்திலிருந்து அம்முடிச்சுகளுக்கு ஆற்றல் பாய்ந்த வேகமோ ஒளிவேகத்தின் 95 சதவீதத்தையும் தாண்டியது.

ஸ்கார்ப்பியஸ் எக்ஸ்-1 போன்றவற்றின் காந்தப்புலம் வலுக்குறைந்தது. இவ்வகை விண்மீன்களில் சுமார் 10 கோடி முதல் 100 கோடி காஸ் (காந்தப்புலத்தின் அலகு) வரை இருக்கும். மெதுவாகத் துடிக்கும் எக்ஸ் கதிர் மூலங்களிலோ லட்சம் கோடி காஸ். அவற்றிலிருந்து பல பத்தாண்டுகளாக ரேடியோ எதுவும் கிடைக்காததால், வலுவான புலம் தாரையைத் தடுக்கிறது என்ற விதி உருவானது. விதிக்குப் பின்னால் கோட்பாடும் இருந்தது. பன்னிரண்டு கிலோமீட்டர் ஆரமுள்ள விண்மீனின் புலம் வட்டை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலேயே நிறுத்திவிடுகிறது. தாரை கிளம்பத் தேவையான உள்வட்டு அங்கே இல்லை. கோட்பாடு அழகானதுதான். ஆனால் அதற்குச் சாட்சியாக நின்ற அமைதி, கருவியின் உணர்திறனால் வந்த அமைதியாகவும் இருந்திருக்கலாம் என்ற கேள்வியை யாரும் போதிய அளவு அழுத்திக் கேட்கவில்லை.

பதில் 2017இல் கிடைத்தது. அவ்வாண்டு அக்டோபரில் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்விஃப்ட் ஜே0243.6+6124, 9.8 நொடிக்கு ஒருமுறை சுழலும் வலுவான புலமுடைய விண்மீன். நியூ மெக்ஸிகோவின் 27 அலைவாங்கிகள் கொண்ட தொலைநோக்கி வரிசை அக்டோபரில் அதை நோக்கியபோது ரேடியோ இல்லை; எக்ஸ் கதிர் உச்சத்தை ஒட்டி நவம்பரில் நோக்கியபோது இருந்தது. பிறகு எக்ஸ் கதிர் மங்க மங்க ரேடியோவும் மங்கியது. அதன் நிறமாலைச் சாய்வும் மாறிக்கொண்டே போனது. கிடைத்தது ஏறத்தாழ 100 மைக்ரோஜான்ஸ்கி (ரேடியோ ஒளிர்வின் மிகச் சிறிய அலகு) மட்டுமே. வரிசை புதுப்பிக்கப்படும் முன்னர் இவ்வளவு மெல்லிய மூலத்தைச் சில மணி நேர நோக்கில் பிடிப்பது கடினம்.

இந்த ரேடியோ தாரையுடையதா, துணை விண்மீன் வீசும் காற்றுடையதா என்பது நியாயமான ஆட்சேபம். வேலா எக்ஸ்-1 என்ற இன்னொரு நியூட்ரான் விண்மீன் இருமத்தைச் சூழ்ந்த வில் வடிவ அதிர்ச்சியலையிலிருந்து ரேடியோ வருவதைத் தென்னாப்பிரிக்காவின் மீர்காட் தொலைநோக்கி கண்டறிந்திருக்கிறது. அங்கே மூலம் பெருவிண்மீனின் காற்றே. எனவே ரேடியோ கண்ட இடமெல்லாம் தாரை என்று எழுதிவிட முடியாது. ஆனால் காற்று, எக்ஸ் கதிர் ஏறி இறங்குவதற்கேற்பச் சில வாரங்களுக்குள் தானும் ஏறி இறங்குவதில்லை. ஸ்விஃப்ட் மூலத்தில் தாரையைத் தவிர்த்த விளக்கங்கள் நிற்காமல் போனது இதனால்தான். ஒரே மூலத்தை வைத்து விதியை உடைக்கலாமா என்றால், தடை என்று சொல்லும் விதிக்கு ஒரு விலக்கே போதும். அதே எக்ஸ் கதிர் ஒளிர்வுடைய வலுக்குறைந்த புல விண்மீன்களைவிட இது ரேடியோவில் நூறு மடங்கு மங்கல் என்பது வேறு செய்தி: புலம் தாரையைத் தடுக்கவில்லை, அதன் வலிமையைக் குறைக்கிறது என்று கொள்வதே பொருத்தம்.

வலுக்குறைந்த புலமுள்ளவையும்கூட, ஒரே எக்ஸ் கதிர் ஒளிர்வில், கருந்துளை இருமங்களைவிடச் சராசரியாக ஏறத்தாழ இருபது மடங்கு ரேடியோவில் மங்கலானவை. கருந்துளைக்கு இல்லாத திடமான மேற்பரப்பு இவற்றுக்கு இருப்பதை இங்கே கணக்கில் எடுக்க வேண்டும். 4யூ 1728-34 என்ற நியூட்ரான் விண்மீனின் மேற்பரப்பில் குவிந்த வாயு சில மணி நேரத்துக்கு ஒருமுறை அணுக்கரு வெடிப்பாகச் சிதறுகிறது. வெடிப்பு தாரையை அணைத்துவிடும் என்ற எதிர்பார்ப்புக்கு மாறாக, சில நிமிடங்களில் ரேடியோ பிரகாசமாவதை ஆஸ்திரேலியத் தொலைநோக்கிகள் பதிவுசெய்தன; 2024இல் முடிவுகள் வெளியாயின. உயர் அதிர்வெண்ணில் தாரையின் அடிப்பகுதியும், தாழ் அதிர்வெண்ணில் தொலைவான பகுதியும் தெரிவதால், இரண்டுக்கும் இடையிலான தாமதத்திலிருந்து தாரையின் வேகம் ஒளிவேகத்தின் 38 சதவீதம் எனக் கணக்கிடப்பட்டது.

நொடிக்கு 592 முறை சுழலும் நியூட்ரான் விண்மீனான பிஎஸ்ஆர் ஜே1023+0038 இன்னொரு எச்சரிக்கை. அதன் எக்ஸ் கதிர் தாழ்நிலைக்கு இறங்கும்போதெல்லாம் ரேடியோ ஏறுகிறது; வட்டிலிருந்து வெளியே தள்ளப்படும் பிளாஸ்மாக் குமிழ்கள் அதற்குக் காரணமாக இருக்கக்கூடும். சராசரி ரேடியோ ஒளிர்வோ கருந்துளைகளுக்கு நெருக்கமானது. ஆகவே புதிதாகத் தோன்றும் மூலம் கருந்துளையா நியூட்ரான் விண்மீனா என்பதை ரேடியோ–எக்ஸ் கதிர் விகிதத்தை மட்டும் கொண்டு முடிவுசெய்வது சரியல்ல. துடிப்போ மேற்பரப்பு வெடிப்போ தெரிந்தால்தான் அது நியூட்ரான் விண்மீன் என உறுதியாகச் சொல்லலாம்.