மேலாளர் யார், பொறுப்பாளி யார்? கேரளா பிளாஸ்டர்ஸும் ஒரு பதவியின் வரலாறும்

2024 டிசம்பர் 16 அன்று கேரளா பிளாஸ்டர்ஸ் கழகம் தன் தலைமைப் பயிற்சியாளர் மிக்கேல் ஸ்டாரேயையும் அவருடைய உதவியாளர்கள் இருவரையும் விடுவித்தது. பன்னிரண்டு ஆட்டங்களில் மூன்று வெற்றி, இரண்டு சமநிலை, ஏழு தோல்வி. புள்ளிப் பட்டியலில் பத்தாம் இடம். அறிவிப்பில் மூன்று பெயர்கள் இருந்தன. ரசிகர்கள் எதிர்பார்த்த நான்காவது பெயர் அதில் இல்லை: 2020 மார்ச் முதல் அணியின் விளையாட்டு இயக்குநராக இருந்துவந்த லிதுவேனியர் கரோலிஸ் ஸ்கின்கிஸ். அந்த வாரங்களில் 'மஞ்சப்படை'யினர் மைதானத்தில் எழுப்பிய குரல் பயிற்சியாளரைக் காட்டிலும் நிர்வாகத்தை நோக்கியே இருந்தது. பயிற்சியாளரைத் தேர்ந்தவர் இருக்க, தேர்ந்தெடுக்கப்பட்டவர் மட்டும் போவது சரியா என்ற கேள்வி திருப்புறத்துத் தேநீர்க்கடைகளிலும் கேட்கப்பட்டது. அதைச் சற்று வரலாற்றோடு சேர்த்துப் பார்க்கலாம் என்று இந்தக் குறிப்பு. 2020 முதல் 2025 வரையிலான ஐந்து பருவங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் சொல். மொழியியல் படித்தவனுக்குச் சொல்லிலிருந்து தொடங்கும் பழக்கம் விடுவதில்லை, பொறுத்துக்கொள்க. 'மேலாளர்' என்பதை அலுவலகங்களுக்காக ஆக்கிக்கொண்டோம். 'பயிற்சியாளர்' விளையாட்டுச் செய்திகளில் நிலைபெற்றுவிட்டது. 'ஸ்போர்ட்டிங் டைரக்டர்' என்பதை 'விளையாட்டு இயக்குநர்' என்று எழுதுகிறோம்; ஆனால் 'இயக்குநர்' என்றதும் தமிழ்க் காதுக்குத் திரைப்படமே நினைவுக்கு வருகிறது, அதாவது எல்லாவற்றையும் தீர்மானிக்கும் ஒருவர். பந்துகளியின் விளையாட்டு இயக்குநர் அத்தகையவர் அல்லர். வீரர்களைக் கண்டறிவது, ஒப்பந்தம் பேசுவது, பயிற்சியாளரைப் பரிந்துரைப்பது ஆகியன அவர் வேலை. பணப்பெட்டியின் சாவி வேறொருவரிடம் இருக்கிறது. நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பக்கத்து ஊர்ப் போட்டிகளிலோ 'டீம் மானேஜர்' என்றால் பிரிவு பிரித்து, சட்டை வாங்கி, வண்டி பிடித்து, அணி தோற்றால் ஏச்சு வாங்குபவர். இந்தக் கடைசி வேலைதான் உலகெங்கும் இப்பதவிக்குப் பொதுவானது.

பதவி பிறந்த கதையும் அதையே சொல்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அணியைத் தேர்ந்தது கழகக் குழு. 1886இல் ஆஸ்டன் வில்லா கழகம் முழுநேர மேலாளர் ஒருவர் தேவை என்று விளம்பரம் செய்தது: சம்பளம் ஆண்டுக்கு நூறு பவுண்டு, குழுவின் கட்டளைக்கு உட்பட்டே பணியாற்ற வேண்டும். அப்பணியைப் பெற்ற ஜார்ஜ் ராம்சே நாற்பது ஆண்டுகள் அங்கேயே இருந்தார். அக்காலத்தில் வில்லா ஆறு லீக் பட்டங்களும் ஆறு எஃப்.ஏ. கோப்பைகளும் வென்றது. கவனிக்க வேண்டியது நியமனத்தின் வடிவம். அதிகாரம் குழுவிடம், முகம் மேலாளரிடம். அதிகாரத்தையும் முகத்தையும் ஒருவரிடமே சேர்க்க முனைந்தவர்களில் முதன்மையானவர் ஹெர்பர்ட் சாப்மன். 1925இல் ஆர்சனலுக்கு வந்த அவருக்கு முதல் கோப்பை 1930இல்தான் கிடைத்தது; இடையில் 1927இன் இறுதியாட்டத்தில் கார்டிஃபிடம் தோல்வி, லீக்கில் நடுத்தர இடங்கள். 1986இல் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்த அலெக்ஸ் ஃபெர்குசன் 1990 வரை ஒரு பட்டமும் இன்றிக் காத்திருந்த கதை எல்லோருக்கும் தெரியும்.

இந்த எடுத்துக்காட்டுகளை நம் விவாதங்களில் அளவுக்கு மீறிப் பயன்படுத்துகிறோம் என்பது என் குறை. 'பொறுத்திருந்தார்கள், வென்றார்கள்' என்பது வென்றவர்களின் வரலாறு மட்டுமே. பொறுத்திருந்தும் வெல்லாத கழகங்களின் பெயர்களை யாரும் நினைவில் வைப்பதில்லை. அவற்றின் மேலாளர்களுக்கு வாழ்க்கை வரலாறும் எழுதப்படுவதில்லை. ஆகவே ஃபெர்குசனைக் காட்டி ஸ்கின்கிஸைக் காக்க முடியாது.

இந்தியாவுக்குள் இன்னும் பொருத்தமான ஒருவர் இருக்கிறார். ஆசிரியராக இருந்த சையத் அப்துல் ரஹீம் 1943 முதல் 1963இல் இறக்கும்வரை ஐதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர். கூடவே ஐதராபாத் நகரக் காவல்துறை அணிக்கும் இந்திய அணிக்கும் பயிற்சியாளர். அவர் கையில் காவல்துறை அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. இந்தியா 1951 ஆசியப் போட்டியில் தங்கம் வென்று, மறு ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றது. 1954 மணிலா ஆசியப் போட்டியில் அணி முதற்சுற்றோடு திரும்பியது. 1956 மெல்போர்னில் மீண்டும் ரஹீம்: ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று நான்காம் இடம். 1962 ஜகார்த்தாவில் தென்கொரியாவை 2-1 என்று வென்று தங்கம். ரஹீமிடம் நான் காண்பது பொறுமையின் பலன் மட்டுமன்று. ஐதராபாத்தில் ஆட்களைக் கண்டெடுப்பதும் வளர்ப்பதும் ஆடவைப்பதும் ஒரே கையில் இருந்தன. தோல்வியின் காரணத்தைத் தேட மூன்று அறைகளின் கதவைத் தட்ட வேண்டியிருக்கவில்லை.

இனி பிளாஸ்டர்ஸ். 2014இல் தொடங்கிய கழகம், அவ்வாண்டும் 2016இலும் இறுதியாட்டத்தில் கொல்கத்தா அணியிடம் தோற்றது. டேவிட் ஜேம்ஸ், பீட்டர் டெய்லர், டெர்ரி ஃபீலன், ஸ்டீவ் கோப்பல், ரெனே மியூலன்ஸ்டீன், மறுபடி ஜேம்ஸ், நெலோ விங்காடா, எல்கோ ஷட்டோரி என்று முதல் ஆறு பருவங்களில் பயிற்சியாளர் பட்டியல் ஓட்டமாய் ஓடியது. பதவிநீக்கம் ஒரு மருந்தென்றால் இந்த அணி 2020க்குள் குணமாகியிருக்க வேண்டும்.

ஸ்கின்கிஸ் வந்த முதல் பருவம் படுதோல்வி. கிபு விகுனாவின் பயிற்சியில் இருபது ஆட்டங்களில் மூன்றே வெற்றி, பதினொரு அணிகளில் பத்தாம் இடம். பருவம் முடியுமுன் விகுனா விலகினார். அன்றே இயக்குநரையும் அனுப்பியிருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். அனுப்பவில்லை. அடுத்த பருவத்தில் இவான் வுகோமனோவிச் வந்தார்; லூனா, வாஸ்கஸ், டயஸ், லெஸ்கோவிச் வந்தனர்; 2022 மார்ச் 20 அன்று ஃபதோர்தாவில் இறுதியாட்டம். எண்பத்தெட்டாம் நிமிடம் வரை முன்னிலையில் இருந்து, பெனால்டியில் ஐதராபாத்திடம் தோல்வி. இயக்குநரைக் காத்திருந்து பார்த்ததற்குக் கிடைத்த பலன் என்றால் அதுதான்.

பிறகு நடந்தவற்றை இரண்டாகப் பிரிக்க வேண்டும்: கண்டெடுத்தல், காத்துக்கொள்ளல். கண்டெடுத்தலில் ஸ்கின்கிஸின் கை நல்ல கை. டயமண்டாகோஸ் 2023-24இல் தங்கக் காலணி வென்றார். பின்னர் வந்த நோவா சதாவியும் ஹிமெனெஸும் வீண்போகவில்லை. காத்துக்கொள்ளலில்தான் ஓட்டை. வாஸ்கஸ் ஒரே பருவத்தில் கோவாவுக்கு, டயஸ் மும்பைக்கு. சகல் மோகன் பகானுக்கு. கோல்காப்பாளர் கில், ஜீக்சன், கடைசியில் டயமண்டாகோஸும் ஈஸ்ட் பெங்காலுக்கு. இதற்கிடையே 2023 மார்ச் 3 அன்று பெங்களூரில் ஆட்டத்தைப் பாதியில் விட்டு வெளியேறியதற்கு நான்கு கோடி ரூபாய் அபராதம். 2023 டிசம்பர் முடிவில் பன்னிரண்டு ஆட்டங்களில் 26 புள்ளிகளுடன் பட்டியலின் உச்சியில் இருந்த அணி, எஞ்சிய பத்து ஆட்டங்களில் ஏழு புள்ளிகளே எடுத்தது. லூனாவின் முழங்கால் இயக்குநரின் குற்றமன்று. ஆனால் ஒருவர் விழுந்தால் அணியே விழும்படி ஒல்லியான குழுவைக் கட்டியது யாருடைய கணக்கு? செர்னிக்கைப் பாதியில் அழைத்துவந்தது அந்த ஓட்டைக்கு ஒட்டுப்போடவே.

விற்பது யார் முடிவு என்பதில்தான் விவாதம் முட்டி நிற்கிறது. கண்டெடுப்பதைத் தன் பெயரில் எழுதிக்கொள்ளும் இயக்குநர் விற்பனையை உரிமையாளர் பெயரில் எழுத முடியாது என்பார் ஒருவர். பணம் தராத உரிமையாளரிடம் எந்த இயக்குநரும் விற்பவராகவே ஆவார் என்பார் இன்னொருவர். இருவரும் பாதி சரி. ஆஸ்டன் வில்லாவின் 1886ஆம் ஆண்டு விளம்பரம் இன்னும் காலாவதியாகவில்லை. குழுவுக்குப் பதில் உரிமையாளர், மேலாளருக்குப் பதில் இரண்டு கவசங்கள். வெளிக்கவசம் பயிற்சியாளர், அது கிழிந்தால் மாற்றிக்கொள்ளலாம். உட்கவசம் இயக்குநர்.

என் வாதத்துக்கு எதிரான ஒரு கணக்கையும் மறைக்காமல் வைக்கிறேன். ஸ்டாரேயின் பன்னிரண்டு ஆட்டங்களில் 11 புள்ளிகள். அவர் போனபின் டி.ஜி. புருஷோத்தமன் இடைக்காலப் பொறுப்பேற்ற பன்னிரண்டு ஆட்டங்களில் 18. அதே வீரர்கள்தாம் பெரும்பாலும். எனவே நீக்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல வழியில்லை. ஆனால் அந்தக் கணக்கு வேறொன்றையும் சொல்கிறது: வீரர்குழு பத்தாம் இடத்துக்குரியதன்று, தவறு பயிற்சியாளர் தேர்வில். அத்தேர்வைச் செய்தவர்கள் அறையிலேயே இருந்தார்கள். ஐந்து பருவங்களில் விகுனா, வுகோமனோவிச், ஸ்டாரே, கட்டாலா என நான்கு நியமனங்கள். முதல் மூவரில் ஒருவரும் ஒப்பந்தக் காலத்தை முடிக்கவில்லை.

என் முடிவு நண்பர்கள் சிலருக்கு உவக்காது. 2025 முடிவில் ஸ்கின்கிஸை நீக்குவதை நான் ஆதரித்திருக்க மாட்டேன். கண்டெடுக்கும் கண் எளிதில் கிடைப்பதில்லை. அடுத்து வருபவரும் அதே பணப்பெட்டியின் முன்தான் நிற்பார். ஆனால் பயிற்சியாளரைத் தேரும் பொறுப்பை அவரிடமே முழுதாக விட்டிருக்கவும் மாட்டேன். வீரர் விற்பனையில் இறுதிச்சொல் யாருடையது என்பதைக் கழகம் எழுத்தில் வெளியிட வேண்டும் என்று கேட்டிருப்பேன். ரசிகர் சீட்டு வாங்க மறுப்பதைக் காட்டிலும் அந்த ஒரு தாளைக் கேட்பது வலுவான போராட்டம்.

எங்களூருக்குத் தெற்கே, எல்லையை ஒட்டிய பொழியூர் கடற்கரையில் கேள்வி வேறு விதமாக இருக்கிறது. சந்தோஷ் கோப்பைக்குத் தலைமுறை தலைமுறையாக வீரர்களை அனுப்பிய மீனவக் கிராமம் அது. சதீவன் பாலன் பயிற்சியில் கேரளம் 2018இல் கொல்கத்தாவில் அக்கோப்பையை வென்றது. அடுத்த ஆண்டே வேறு பயிற்சியாளருடன் நெய்வேலிக்குச் சென்று, ஒரு கோல்கூட அடிக்காமல் தகுதிச்சுற்றில் வெளியேறியது. தோற்றவரை வைத்திருப்பதா என்று கொச்சியில் வாதிடுகிறார்கள். வென்றவரை ஏன் வைத்திருக்கவில்லை என்று அன்றிலிருந்து இங்கே கேட்கிறார்கள்.