நித்திரை வரும் எண்டு ஆர் சொன்னது?

சி.பி.என். எண்ட பெயரில் நித்திரைக்கான ஜெலி இனிப்புகள் இப்ப இணையம் முழுக்க விற்பனைக்குக் கிடக்கு. கஞ்சாச் செடியின் பொருள்தான், ஆனால் போதை ஏறாது, ஒண்டைச் சப்பிப்போட்டுப் படுத்தால் நித்திரை வரும் என்கிறது விளம்பரம். கனடாவில் இருக்கிற எங்கட சனத்துக்கு இது கடையில் கிடைக்கிற சாமான். எங்களுக்குக் கைபேசியில் அடிக்கடி வந்துபோகிற படம். ஏதோ புதுக் கண்டுபிடிப்பு மாதிரிக் கதைக்கிறார்கள். ஆனால் கஞ்சாவில் இருந்து விஞ்ஞானிகள் பிரித்தெடுத்துப் பெயர் வைத்த முதல் சேர்வைகளில் ஒண்டு இது. வயது நூறைத் தாண்டிவிட்டது.

1890களில் கஞ்சாவைப் பற்றி அதிகம் யோசித்தது பிரித்தானியப் பேரரசுதான். இந்தியாவில் அதற்கு வரி வாங்கிக்கொண்டே, அது கெடுதலா இல்லையா என்று விசாரிக்க 1893இல் ஒரு ஆணைக்குழுவையும் வைத்தது. அதே காலத்தில் கேம்பிரிட்ஜ் ஆய்வுகூடமொன்றில் வூட், ஸ்பைவி, ஈஸ்டர்ஃபீல்ட் என்ற மூவர் சரஸை, அதாவது கஞ்சாப் பிசினை, வடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1896இல் அவர்களுக்குக் கிடைத்தது ஒரு கெட்டியான சிவப்பு எண்ணெய். மயக்கத்தைத் தருவது இதுதான் என்று நம்பி, கன்னாபினோல் என்று பெயர் வைத்தார்கள். 1899இல் அதைத் தூய்மையாகவும் பிரித்தார்கள்.

பெயர் பிழையான ஆளுக்குப் போய்விட்டது. 1940இல் அமெரிக்காவில் ரோஜர் அடம்ஸும் இங்கிலாந்தில் அலெக்சாண்டர் டொட்டும் தனித்தனியாகக் கன்னாபினோலின் அமைப்பை உறுதிசெய்தபோது, மயக்கும் பொருள் அது இல்லை என்பது தெளிவானது. அடம்ஸ் அதே ஆண்டில் இன்னொரு போதையற்ற சேர்வையையும் பிரித்தார். அதுதான் சி.பி.டி. உண்மையான மயக்கும் பொருளான டி.எச்.சி. தூய்மையாகக் கைக்கு வர 1964 ஆனது. இஸ்ரேலில் ரபாயல் மெக்கூலமும் யெஹியேல் கவோனியும் செய்த வேலை அது. ஆய்வுக்குத் தேவையான ஹஷிஷைத் தந்தது பொலிஸ். மெக்கூலம் ஐந்து கிலோவையும் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறினாராம். வாசம் வருகுது எண்டு பயணிகள் முணுமுணுத்தார்களாம்.

அப்ப சி.பி.என். என்னதான்? டி.எச்.சி. காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டுக் காலப்போக்கில் மாறி வருகிற பொருள். புதிதாக வெட்டிய செடியில் அது மிகக் கொஞ்சம். கடல் கடந்து போன சரஸில் அது நிறைய இருந்ததில் அதிசயமில்லை. நித்திரைக் கதையும் இதற்குள்தான் பிறந்தது என்று நினைக்கிறோம். பழைய கஞ்சா ஆளைத் தூங்கப்போடும் என்பது பாவிப்பவர்களிடையே உலவும் கதை. பழைய கஞ்சாவில் சி.பி.என். கூட. ஆகவே தூங்கப்போடுவது சி.பி.என்.தான்! கணக்கு வடிவாக இருக்கு. சோதித்துப் பார்க்காதவரை.

சோதித்தும் இருக்கிறார்கள். 1975இல் பிறேசில் நாட்டு ஆய்வாளர்கள் ஐந்து ஆண்களுக்கு 50 மில்லிகிராம் சி.பி.என்.னைத் தனியாகவும், டி.எச்.சி.யோடு சேர்த்தும் கொடுத்தார்கள். தனியாக எடுத்தபோது தூக்கக் கலக்கம் வரவில்லை. டி.எச்.சி.யோடு சேர்ந்தபோதுதான் தலைசுற்றும் கலக்கமும் கூடியது. ஐந்து பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். 2021இல் ஒரு மீளாய்வு முழுச் சான்றுகளையும் திரட்டிப் பார்த்து, நித்திரைக்கு உதவும் என்று சொல்லப் போதாது என்றே முடித்தது. 2023இல் வந்த கொஞ்சம் பெரிய சோதனையில் 20 மில்லிகிராம் எடுத்தவர்கள் இரவில் எழும்புவது குறைந்தது. ஆனால் நித்திரையின் தரம் தெளிவாகக் கூடியதாகக் காட்ட முடியவில்லை. இவ்வளவுதான் கையில் இருக்கிற சான்று. போத்தலில் எழுதியிருப்பதோ வேறை.

எங்களுக்குக் கோபம் வருகிற இடம் இன்னொண்டு. அதே பிறேசிலில், 1980இல், எலிசால்டோ கார்லினியின் குழு மெக்கூலத்தோடு சேர்ந்து 15 வலிப்பு நோயாளிகளில் சி.பி.டி.யைச் சோதித்தது. வழமையான மருந்து சரிவராத ஆக்கள் இவர்கள். சி.பி.டி. எடுத்த எட்டுப் பேரில் நாலு பேருக்கு வலிப்பு ஏறக்குறைய நின்றது, மூன்று பேருக்கு ஓரளவு குறைந்தது. வெறும் மாத்திரை எடுத்தவர்களில் தேறியது ஒருவர்தான். இப்படியொரு முடிவு வந்தால் அடுத்த வருசமே பெரிய சோதனை தொடங்கியிருக்க வேண்டாமா? முப்பது வருசத்துக்கு மேல் ஒருவரும் பெரிதாக அசையவில்லை. பிறகு பெற்றோர்தான் தாங்களே வழி தேடினார்கள். கொலராடோவில் சார்லட் ஃபிகி என்ற சிறுமிக்கு டிரவே நோயால் வாரத்துக்கு முந்நூறு வலிப்பு வரை வந்தது. சி.பி.டி. கூடிய எண்ணெய் அவளுக்கு உதவிய கதை 2013இல் தொலைக்காட்சியில் வந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 2017இல் 120 டிரவே நோயாளிகளில் நடந்த சோதனையில், சி.பி.டி. எடுத்தவர்களின் மாத வலிப்பு இடைநிலைக் கணக்கில் 12.4இல் இருந்து 5.9 ஆக இறங்கியது. மற்றவர்களுக்கு 14.9இல் இருந்து 14.1. அடுத்த வருசம் அமெரிக்கா எபிடயோலெக்ஸ் என்ற பெயரில் அதை மருந்தாக அங்கீகரித்தது.

அந்தச் சோதனையில் கொடுத்த அளவு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 20 மில்லிகிராம். 20 கிலோப் பிள்ளைக்கு 400 மில்லிகிராம், அதுவும் வைத்தியரின் கண்காணிப்பில், ஈரலைச் சோதித்துச் சோதித்து. கடையில் விற்கிற ஜெலி ஒண்டில் பொதுவாக இருப்பது அதில் ஒரு சின்னப் பங்கு.