கடவுச்சொல்

'கட' என்ற வினையிலிருந்து பிறந்தது 'கடவு'. வழி, கடக்கும் இடம் என்று பொருள். கேரளத்தில் ஆற்றுத்துறை இன்றும் கடவுதான். இலங்கைத் தமிழர் சாலையைக் கடக்கும் கோடுகளைக் கடவை என்கிறார்கள். பாஸ்போர்ட் கடவுச்சீட்டு ஆனதும் இதே வேரிலிருந்துதான்.

கடவுச்சொல், அதாவது பாஸ்வேர்டு, முதலில் படைக் காவலர்களின் சொல். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஒரே கணினியைப் பலர் பகிர்ந்தபோது, அவரவர் கோப்பைக் காக்க அது கணினிக்குள் வந்தது.

பகிர்வுதான் நம் வீடுகளிலும் சிக்கல். செட்டியார்பட்டி, தளவாய்புரம் பக்கம் நைட்டி தைக்கும் வீடுகளை எண்ணிப் பாருங்கள். பகலில் ஆர்டரும் பணமும் வரும் போன், மாலையில் பிள்ளையின் கைக்குப் போகிறது. திரைப்பூட்டின் எண்ணே ஜிபேயின் ரகசிய எண்ணாகவும் இருந்தால் பிள்ளைக்கு இரண்டு கதவும் திறந்துவிடும். இரண்டையும் வேறுவேறாக வையுங்கள்.

ஓடிபியின் விரிவிலும் இந்தச் சொல் இருக்கிறது: ஒருமுறைக் கடவுச்சொல். சில நிமிடமே உயிரோடிருக்கும் எண்தானே என்று கேட்பவரிடம் அலட்சியமாகச் சொல்லிவிடுகிறோம். கணக்கைக் காலிசெய்ய அந்தச் சில நிமிடம் போதும். அதேபோல், ஜிபே போன்ற செயலிகளில் பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை என்பதை ஆசிரியர்கள் வகுப்பிலேயே சொல்லித்தர வேண்டும். பிள்ளைகள் அதை வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்.

பிறர் கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்தினால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை உண்டு. பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.